மின்துடிப்பில் மீளும் நடை

நுழையும்முன்

நடப்பதையும் எழுதுவதையும் குவளையை எடுத்து நீர் அருந்துவதையும் நாம் எண்ணி எண்ணிச் செய்வதில்லை. அவை தாமாகவே நிகழ்வன போலத் தோன்றுகின்றன. பக்கவாதத்தாலோ தண்டுவடக் காயத்தாலோ அவை நின்றுபோகும்போதுதான் ஒவ்வோர் அசைவுக்கும் பின்னால் எத்தகைய ஒழுங்கு இருந்தது என்பது புலனாகிறது. அறுந்துபோன அவ்வொழுங்கைச் சிறு மின்துடிப்புகளைக் கொண்டு மீட்க முயலும் மருத்துவ அறிவியலை விளக்குகிறது இப்பாடம்.

விரற்கடை உயரம்

நடக்கும்போது முன்னோக்கி வீசப்படும் காலின் விரல்நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் செல்கிறது? விடை வியப்பளிப்பது. அது மிகத் தாழ்ந்து செல்லும் கணத்தில் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்தான்; ஏறத்தாழ ஒரு விரற்கடை. அந்த விரற்கடை உயரத்தை நம்பியே நாம் நாள்தோறும் ஆயிரக்கணக்கான அடிகளை எடுத்து வைக்கிறோம்.

பக்கவாதம் கண்டவர் பலர் இழப்பது இந்த விரற்கடையைத்தான். மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் குருதி தடைப்படுகிறது, அல்லது குருதிக்குழாய் வெடித்துவிடுகிறது. அதனால் உடலின் எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் தளர்கின்றன. சில வாரங்களில் இடுப்பும் தொடையும் ஓரளவு தேறி, அவர் எழுந்து நிற்கவும் கூடும். ஆனால் பாதத்தை மேல்நோக்கி உயர்த்தும் தசைக்கு மட்டும் ஆணை வந்து சேர்வதில்லை. காலைத் தூக்கினால் பாதம் தொங்குகிறது. விரல்கள் தரையில் இழுபடுகின்றன. இந்நிலை தொங்குபாதம் எனப்படுகிறது. விழாமலிருப்பதற்காக அவர் இடுப்பை உயர்த்தி, காலைப் பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுழற்றி வைக்கிறார். சிறிது தொலைவு நடப்பதற்குள் களைத்துவிடுகிறார். பாயின் ஓரமும் மிதியடியும் குளியலறை வாயிலில் உள்ள சிறு மேடும் அவருக்கு அச்சமூட்டுவனவாகின்றன. வெளியே செல்வது குறைகிறது. பிறகு வீட்டுக்குள் நடப்பதும் குறைகிறது.

இத்தனைக்கும் அவருடைய தசை அழிந்துவிடவில்லை. தண்டுவடத்திலிருந்து தசைக்குச் செல்லும் நரம்பும் உயிரோடுதான் இருக்கிறது. இல்லாதது, உரிய நேரத்தில் வர வேண்டிய ஆணை மட்டுமே. ஒரு குதிகால் தரையில் ஊன்றி மீண்டும் ஊன்றுவதற்கு இயல்பான நடையில் ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் மட்டுமே பாதம் காற்றில் இருக்கிறது. அந்த அரை வினாடிக்கும் குறைவான பொழுதில் ஆணை வந்தாக வேண்டும். முந்தினால் ஊன்றியிருக்கும் கால் தடுமாறும். பிந்தினால் விரல் இடறும்.

அசைவும் இயக்கமும்

மின்சாரம் தசையைச் சுருக்கும் என்பது புதிய செய்தி அன்று. இத்தாலியின் பொலோனா நகரில் லூயிஜி கால்வானி தவளைக் கால்களைக் கொண்டு சோதனைகள் செய்து, தம் முடிவுகளை 1791ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடைய மருமகன் முறையினரான ஜியோவானி அல்டினி, 1803ஆம் ஆண்டில் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்து விரல்கள் மடங்கின. சூழ நின்றவர்கள் இறந்தவர் எழப்போகிறார் என்றே அஞ்சினர். ஆனால் அங்கு நிகழ்ந்தது அசைவு மட்டுமே. உயர்ந்த அந்தக் கை எதையும் எடுக்கவில்லை, எதையும் தள்ளவில்லை. தசை சுருங்குவது வேறு. ஓர் உறுப்பு ஒரு செயலைச் செய்து முடிப்பது வேறு.

இவ்வேறுபாட்டை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் பிரான்சு நாட்டு மருத்துவர் துஷேன். எடுத்துச் செல்லத்தக்க சிறு மின்கருவி ஒன்றைக் கொண்டு, ஈரமாக்கிய மின்வாய்களைத் தோலின்மீது வைத்து, ஒவ்வொரு தசையையும் தனித்தனியே தூண்டி, அதன் விளைவைப் பொறுமையுடன் பதிவு செய்தார். 1867இல் வெளிவந்த அவருடைய பெருநூல் உடலின் இயக்கங்களைத் தசைவாரியாக விளக்கியது. தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அவர் எட்டிய முடிவு சுவையானது: இயற்கையில் எத்தசையும் தனித்து இயங்குவதில்லை என்பதே அது.

இதனைச் சோதித்துப் பார்ப்பது எளிது. வலக்கையில் ஒரு பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு, அதே கையின் முன்கையை மேற்புறமாக இடக்கையால் தொட்டுப் பாருங்கள். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையின் உட்புறத்தில் உள்ளன. ஆயினும் மேற்புறத் தசைகளும் கெட்டிப்படுவதை உணரலாம். அவை மணிக்கட்டு உள்நோக்கி மடிந்துவிடாமல் தாங்குகின்றன. அவை தாங்காவிட்டால் பிடி தளர்ந்துபோகும். நிற்கும் ஒருவர் கையை விரைந்து முன்னே நீட்டுகிறார் எனில், கைத்தசைக்கும் முன்னதாகவே காலின் தசைகள் இறுகிவிடுகின்றன. கை நீண்டால் உடல் முன்னே சாயும் என்பதை அறிந்து, சாயாமல் காக்க நரம்பு மண்டலம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுகிறது.

தேரோட்டம் கண்டவர்க்கு இது விளங்கும். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோர் இல்லையெனில் தேர் திருப்பத்தில் திரும்பாது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. இழுப்பும் தடுப்பும் ஒரே கணக்கில் அமைய வேண்டும். உடலிலும் மடக்கும் தசையும் நீட்டும் தசையும் எதிரெதிராக அமைந்துள்ளன. ஒன்று சுருங்கும்போது மற்றதற்குச் செல்லும் ஆணையைத் தண்டுவடம் தணித்துவிடுகிறது. இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டிய சார்லஸ் ஷெரிங்டன், நரம்புச் செல்களின் செயற்பாடு குறித்த ஆய்வுகளுக்காக 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பக்கவாதத்தில் இந்தத் தணிப்பும் குலைகிறது. ஒரு தசை தளர்ந்திருக்க, அதன் எதிர்த்தசை விடாமல் இறுகி நிற்கிறது. நோயாளர் கையை நீட்ட முயன்றாலும் கை மடங்குகிறது.

குதிகாலின் அடியில் ஒரு விசை

1961ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லிபர்சனும் அவர்தம் குழுவினரும் தொங்குபாதத்திற்கு ஒரு கருவியை அறிவித்தனர். கோட்பாட்டளவில் அது மிக எளியது. இடுப்பில் மின்கலத்துடன் கூடிய சிறு பெட்டி. காலணியில் குதிகாலின் அடியில் ஒரு விசை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்புறத்தில் ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் எலும்பைச் சுற்றிச் செல்கிறது; அங்கே மின்வாய். குதிகால் தரையை விட்டு எழுந்ததும் விசை மின்சுற்றை இயக்குகிறது. மின்துடிப்புகள் நரம்பை எட்டுகின்றன, பாதம் உயர்கிறது. குதிகால் மீண்டும் தரையில் ஊன்றியதும் துடிப்பு நின்றுவிடுகிறது.

இதன் சிறப்பு மின்சாரத்தில் இல்லை, குதிகால் விசையில் இருக்கிறது. எப்போது தூண்ட வேண்டும் என்பதைக் கருவி தானாக முடிவு செய்வதில்லை. நடப்பவரின் நடையே அதற்குச் சொல்கிறது. அவர் விரைந்தால் கருவியும் விரைகிறது, நின்றால் நிற்கிறது. மறுவாழ்வு மருத்துவத்தில் மின்தூண்டல் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் படுக்கையில் கிடப்பவரின் தசையைத் துடிக்கச் செய்வதோடு அது நின்றது. ஒரு செயலின் நடுவே, அச்செயலுக்கு உரிய கணத்தில் தூண்டுவது என்பது வேறொரு சிந்தனை. அடுத்த ஆண்டிலேயே இதற்குச் செயல்சார் மின்தூண்டல் என்னும் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று.

இன்றைய கருவிகள் தோலின் வழியே செலுத்தும் மின்னோட்டம் சில பத்து மில்லி ஆம்பியர் அளவினது. ஒவ்வொரு துடிப்பும் ஏறத்தாழ 200 முதல் 400 மைக்ரோ வினாடி வரை நீள்கிறது. வினாடிக்கு 20 முதல் 50 துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. இதைவிடக் குறைந்தால் தசை விட்டுவிட்டுத் துடிக்கும். சீரான இழுப்பு கிடைக்காது. மிகுந்தால் தசை விரைவில் களைத்துவிடும். இக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறுவது. மின்வாயை ஒரு விரற்கடை நகர்த்தினால் பாதம் உயர்வதற்கு மாறாக வெளிப்புறமாகத் திரும்பிவிடும். எனவே இயன்முறை மருத்துவர் முதல் நாளில் பெரும்பொழுதைச் சரியான இடத்தைத் தேடுவதிலேயே செலவிடுகிறார்.

தெரிந்து தெளிவோம்

செயல்சார் மின்தூண்டலில் மின்துடிப்பு நேரே தசையைச் சுருக்குவதில்லை. தசைக்குச் செல்லும் இயக்க நரம்பைத் தூண்டுகிறது. அந்நரம்பே தசையைச் சுருக்குகிறது. ஆகவே நரம்பு உயிரோடிருப்பது இன்றியமையாதது. பக்கவாதத்தில் பாதிப்பு மூளையில் உள்ளது. தண்டுவடக் காயத்தில் காயத்திற்குக் கீழுள்ள நரம்புகள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. இளம்பிள்ளை வாதத்திலோ தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்புச் செல்களே அழிந்துவிடுகின்றன. நரம்பிழந்த தசையைத் தூண்டப் பன்மடங்கு நீண்ட துடிப்புகள் தேவைப்படும். இம்முறை அங்குப் பயன்படுவதில்லை. இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்கள் மருத்துவரின் அறிவுரையின்றி இத்தகைய கருவியைப் பயன்படுத்தலாகாது.

முள்ளை மிதித்த கால்

தொங்குபாதத்திற்கு ஒரு நரம்பைத் தூண்டினால் போதும். இடுப்புக்குக் கீழே இயக்கம் முழுவதையும் இழந்த ஒருவரை நடக்கச் செய்ய வேண்டுமானால் என்ன செய்வது? ஒரு காலில் மட்டும் இடுப்பு, முழங்கால், கணுக்கால் என மூன்று மூட்டுகள். அவற்றை இயக்கும் தசைகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்வாய் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கணத்தில் ஆணையிடுவது அரிதினும் அரிது.

அன்றைய யூகோசிலாவியாவில், இன்றைய சுலோவீனியாவின் தலைநகரான லுப்லியானாவில், 1960களிலிருந்தே மின்தூண்டலை ஆராய்ந்துவந்த பொறியாளரும் மருத்துவரும் இதற்கு ஒரு நுட்பமான வழி கண்டனர். அலோய்ஸ் கிரால், ததேய் பாய்ட் ஆகியோர் வகுத்த முறையில் நான்கே தூண்டல் வழிகள் இருந்தன. இரண்டு, இரு தொடைகளின் முன்புறத் தசைகளுக்கு. அவை இறுகினால் முழங்கால்கள் மடங்காமல் நிற்க முடியும். மற்ற இரண்டு, இரு கால்களிலும் முழங்காலுக்குக் கீழுள்ள அதே நரம்பிற்கு.

வெறுங்காலுடன் செல்பவர் நெருஞ்சி முள்ளை மிதித்துவிட்டால் என்ன நிகழ்கிறது? எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே கணுக்கால் உயர்கிறது, முழங்கால் மடிகிறது, இடுப்பு வளைகிறது. மூன்றும் ஒருங்கே நிகழ்ந்து கால் மேலெழுகிறது. இதற்கு மூளையின் ஆணை வேண்டுவதில்லை. தண்டுவடத்திலேயே அவ்வொழுங்கு எழுதப்பட்டுள்ளது. இது மறிவினை எனப்படும். லுப்லியானா அறிஞர்கள் அந்நரம்பில் உள்ள உணர்விழைகளைத் தூண்டி, காயத்திற்குக் கீழே இன்னும் விழித்திருக்கும் அந்த மறிவினையை எழுப்பினர். கால் தானாகவே மடிந்து உயர்ந்தது. பிறகு தொடைத் தசை தூண்டப்பட்டு முழங்கால் நீண்டது, அடி விழுந்தது. எல்லாத் தசைகளுக்கும் தாமே கணக்கு வகுக்காமல், உடல் ஏற்கெனவே அறிந்திருந்த கணக்கை அவர்கள் கடனாகப் பெற்றனர்.

நடப்பவர் ஊன்றுகோல்களையோ நடைச்சட்டத்தையோ பற்றிக்கொள்வார். கைப்பிடியில் பொத்தான்கள் இருக்கும். எந்த அடியை எப்போது வைப்பது என்பதை அவரே அழுத்தி முடிவு செய்வார். நான்கு தூண்டல் வழிகளும் ஊன்றுகோல் பிடித்த இரு கைகளும் சேர்ந்து ஒரு நடை உருவாயிற்று. அழகிய நடை என்று அதனைச் சொல்ல முடியாது, மிக மெதுவானது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தே இருந்தவர் எழுந்து நின்று, எதிரே நிற்பவரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார்.

களைப்பின் கணக்கு

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், தண்டுவடம் பாதிக்கப்பட்ட மாணவி நேன் டேவிஸ், கணினி கட்டுப்படுத்திய மின்தூண்டலின் துணையுடன் நடந்து சென்று பட்டம் பெற்றார். செய்தி உலகெங்கும் பரவியது. சக்கர நாற்காலிகள் விரைவில் தேவையற்றுப் போகும் எனப் பலர் எண்ணினர். அவ்வாறு நிகழவில்லை. காரணம் களைப்பு.

ஒரு தசையில் பல இயக்க அலகுகள் உள்ளன. நாம் மென்மையாக ஒன்றைப் பற்றும்போது சிறிய, எளிதில் களைக்காத அலகுகளே முதலில் பணிக்கு வருகின்றன. வலிமை மிகத் தேவைப்படும்போதுதான் விரைவில் களைக்கும் பெரிய அலகுகள் சேர்கின்றன. ஹென்னமன் என்னும் அமெரிக்க உடலியலாளர் நிறுவிய உண்மை இது. மேலும், அலகுகள் அனைத்தும் ஒரே கணத்தில் இயங்குவதில்லை. பல்லக்குச் சுமப்போர் தோள் மாற்றிக்கொள்வதைப் போல முறை வைத்துக்கொள்கின்றன. வெளியிலிருந்து வரும் மின்துடிப்பு இம்முறையை அறியாது. தடித்த நரம்பிழைகளே அதற்கு எளிதில் வசப்படுவதால், விரைவில் களைக்கும் பெரிய அலகுகள் முதலிலேயே இழுக்கப்படுகின்றன. அதோடு, தூண்டப்பட்ட அலகுகள் எல்லாம் ஒவ்வொரு துடிப்பிற்கும் ஒருசேரச் சுருங்குகின்றன. ஓய்வு யாருக்கும் இல்லை. முள்ளை மிதித்த காலின் மறிவினையும் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டால் மங்கிவிடுகிறது.

எனவே தண்டுவடக் காயமுற்றோர்க்கு மின்தூண்டல் நடை சக்கர நாற்காலியின் இடத்தைப் பிடிக்கவில்லை. மாறாக, மிதிவண்டி போன்ற பயிற்சிக் கருவியில் கால்களை முறையாகத் தூண்டி மிதிக்கச் செய்வது பயனுள்ளதாக அமைந்தது. தசை மெலிவது குறைகிறது, குருதியோட்டம் சீர்படுகிறது. 2016இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் அருகே நடைபெற்ற சைபத்லான் என்னும் போட்டியில், கால்களை அசைக்க இயலாதவர்கள் மின்தூண்டலால் தம் கால்களாலேயே மிதித்து மிதிவண்டிப் பந்தயம் ஓட்டினர்.

தோள் ஆட்டிய விரல்

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்றால் கைகளும் செயலிழக்கும். உண்ணவும் பல் துலக்கவும் பேனா பிடிக்கவும் பிறர் துணை வேண்டும். எதை மீட்டுத்தர வேண்டும் என்று அவர்களைக் கேட்டால், நடையைவிடக் கையையே முதலில் கேட்போர் பலர்.

ஒகையோவின் கிளீவ்லாந்து நகரில் ஹண்டர் பெக்கமும் அவர்தம் குழுவினரும் நெடுங்காலம் உழைத்து, உடலுக்குள் பொருத்தும் மின்தூண்டல் கருவி ஒன்றை உருவாக்கினர். கையின் தசைகளில் மின்வாய்கள் தைக்கப்பட்டன. அவற்றிற்கு ஆணையிட்டது எதிர்ப்பக்கத்துத் தோள். அத்தோளைச் சற்று முன்னும் பின்னும் அசைப்பதன் மூலம் விரல்களை மூடவும் திறக்கவும் முடியும். எஞ்சியிருந்த ஓர் இயக்கத்தைக் கொண்டு இழந்த ஓர் இயக்கத்தை ஆள்வது இம்முறை. 1997இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் வழங்கியது. பொருத்திக்கொண்டவர்கள் முட்கரண்டி பிடித்துத் தாமே உண்டனர், கையெழுத்திட்டனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே அக்கருவியின் வணிக விற்பனை நின்றுபோயிற்று. தேவைப்படுவோர் தொகை சிறிது. அறுவைச் செலவோ பெரிது. கருவி தோற்கவில்லை, சந்தைதான் அதனைக் கைவிட்டது. ஒருவரின் உடலுக்குள் பொருத்தப்பட்ட கருவிக்கு உதிரிப்பாகம் கிடைப்பது வாணிகக் கணக்கைச் சார்ந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

2016இல் ஒகையோவிலிருந்தே மற்றொரு செய்தி வந்தது. கழுத்தில் காயமுற்றுக் கைகளை இழந்த இளைஞர் ஒருவரின் மூளையில் சிறு சில்லு பொருத்தப்பட்டது. கையை அசைக்க அவர் எண்ணும்போது எழும் நரம்புக் குறிகளைக் கணினி படித்து, முன்கையைச் சுற்றிய மின்வாய்களுக்கு அனுப்பியது. அவர் புட்டியை எடுத்து, அதிலிருந்ததை வேறொரு கலத்தில் ஊற்றினார். கணினியோடு இணைந்திருக்கும் ஆய்வகத்திற்குள் மட்டுமே அது இயன்றது.

முயல்பவரின் பங்கு

லிபர்சனின் குழுவினர் தம் முதல் அறிக்கையிலேயே, தாம் எதிர்பாராத ஒன்றையும் பதிவு செய்திருந்தனர். கருவியுடன் பழகிய நோயாளர் சிலர், கருவியில்லாமலும் பாதத்தை உயர்த்தத் தொடங்கினர். ஊன்றுகோலாக அளிக்கப்பட்ட ஒன்று ஆசிரியராகவும் இருந்திருக்கிறது.

இதற்கான விளக்கம் மூளையின் மாறும் இயல்பில் இருக்கிறது. சேதமுற்ற பகுதி மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆயினும் அருகிலுள்ள பகுதிகளும் எஞ்சிய பாதைகளும் புதிய இணைப்புகளை ஏற்கக்கூடும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அசைக்க வேண்டும் என்னும் விழைவும், அசைந்தது என்னும் உணர்வும் ஒரே வேளையில் நிகழ வேண்டும். நோயாளர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, கருவி மட்டும் கையை அசைத்தால் தசை வலுப்பெறலாம்; மூளை கற்பது குறைவு. கனடாவின் டொரண்டோ நகரில் வளர்ந்த பயிற்சி முறையில், நோயாளர் முதலில் தாமே கையை நீட்ட முயல வேண்டும். சில வினாடிகள் முயன்று, இயலாத நிலையை எட்டிய பின்னரே மின்தூண்டல் வந்து அவ்வசைவை நிறைவு செய்கிறது. இயன்முறை மருத்துவர் கையைத் தாங்கி, அது செல்ல வேண்டிய பாதையிலேயே செல்லுமாறு வழிநடத்துகிறார். இவ்வாறு ஒரே அசைவு பல வாரங்கள், பல நூறு முறை. உறவினர்க்கு இது சலிப்பூட்டும் காட்சி. நோயாளர்க்கோ ஒவ்வொரு முறையும் முழு முயற்சி.

எல்லார்க்கும் இது பலிப்பதில்லை. சிலர் கருவி இயங்கும்போது மட்டுமே நன்கு நடக்கின்றனர்; கழற்றினால் பாதம் பழையபடி தொங்குகிறது. அத்தகையோர் காலையில் எழுந்ததும் கருவியைக் கட்டிக்கொள்கின்றனர், மூக்குக்கண்ணாடி அணிபவரைப் போல. சிலரிடம் மாற்றம் மெல்லத் தெரிகிறது. பயிற்சியின் இடையே இயன்முறை மருத்துவர் கருவியின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வருகிறார். ஒரு நாள் அதனை அணைத்துவிட்டு, நோயாளரைக் கூடத்தின் மறுகோடிவரை நடக்கச் சொல்கிறார். அவர் கண்கள் நோயாளரின் முகத்தில் இல்லை. தரைக்கும் பெருவிரலுக்கும் இடையேயுள்ள அந்த ஒரு விரற்கடையில் இருக்கின்றன.